தண்ணீர் குடிக்கும் உப்பு

கொட்டாஞ்சேனை
2025 பெப்ரவரி 9

ஷஸ்னா,

நேற்று நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். நான் திரும்ப எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அடுத்த தடவை நான் வைத்திருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் போனில் கதைக்கத்தான் தெரியும், கேட்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். இதற்குப் பதில் எழுது, அழைக்காதே.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். எங்கள் இருவர் பெயரும் போட்ட கட்டுரையை இப்போது அனுப்பாதே. நீ நோர்வேயில் செய்த பற்றரிக் கரைசலை நான் இங்கே கொழும்பில் உன்னுடைய செய்முறைப்படியே செய்தேன். அதே உப்பு, அதே அளவு, அதே துத்தநாகத் தகடுகள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் பையில் அடைத்து ஒட்டிய கலம் ஒரு கிழமைக்குள் பேத்தை மீன் மாதிரி ஊதிவிடுகிறது. உள்ளே ஐதரசன் வாயு. அதாவது தண்ணீர் உடைகிறது. எந்தத் தண்ணீர் உடையக்கூடாது என்று இவ்வளவு உப்பையும் அதற்குள் திணித்தோமோ, அந்தத் தண்ணீர்தான் உடைகிறது.

"உன்ட கை சரியில்லை" என்று நேற்றுச் சொன்னாய். பல்கலைக்கழகத்தில் உன்னோடு ஒரே மேசையில் நாலு வருடம் வேலை செய்த கை இது. அப்போதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நான் ஏன் பிடிவாதமாக நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் எழுதுகிறேன். என் அண்ணா ரொஷானின் ஓட்டோவுக்குப் பூட்டிய லிதியம் பற்றரி எங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது தீப்பிடித்து இரண்டு வருடமாகிறது. அவருடைய வலது கை விரல்கள் இன்னும் முழுதாக மடிவதில்லை. எதிர்வீட்டு றோஸி அன்டியின் கதவு எரிந்தது. உள்ளே படுத்த படுக்கையாக இருந்த அவருடைய கணவரைப் பின் ஜன்னலால் இறக்கினார்கள். அந்தப் படிக்கட்டுச் சுவருக்கு எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும் கரி மேலே வருகிறது. உனக்கு நோர்வேயில் இடம் கிடைத்தபோது எனக்கும் கிடைத்தது. நான் போகவில்லை. எரியாத ஒரு பற்றரியை இந்த ஊரிலேயே செய்துபார்ப்பேன் என்று நின்றவள் நான். தண்ணீர் எரியாது. அதை நம்பித்தான் நிற்கிறேன். ஆனால் ஊதி வெடிக்கிற பையைப் பாதுகாப்பானது என்று எழுதி அதன் கீழே என் பெயரைப் போடமாட்டேன்.

கொஞ்சம் பொறு. காரணத்தைக் கண்டுபிடிப்பேன்.

யூஜினா


ட்ரொன்ட்ஹைம்
2025 பெப்ரவரி 18

யூஜினாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'உங்கள்' என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்.

இங்கே என் கலங்கள் மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றும் ஊதவில்லை. நான் மட்டும் செய்ததில்லை. ஆய்வுகூடத்தில் இன்னும் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து பார்த்தார்கள், அவர்களுக்கும் அதே விடை. மூன்று பேருக்குச் சரிவருவது ஒருவருக்குச் சரிவரவில்லை என்றால், யாரிடம் பிழை தேடுவது? நீங்களே சொல்லுங்கள்.

பேராசிரியர் கட்டுரைக்காகக் காத்திருக்கிறார். என் புலமைப்பரிசில் செப்டெம்பருடன் முடிகிறது. கட்டுரை இல்லாமல் நீடிப்புக் கேட்க முடியாது. இதை நான் உங்களிடம் ஒரு தரமும் சொன்னதில்லை, ஏனென்றால் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வசனத்துக்குள்ளும் அது இருக்கிறது. ஊரில் நின்றவள் நல்லவள், போனவள் தன்னைப் பார்த்துக்கொண்டவள். அப்படி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் படிக்க முடிகிறது.

இங்கே என்ன சுகம் என்று நினைக்கிறீர்கள்? காலையில் இருட்டில் போகிறேன், பின்னேரம் இருட்டில் வருகிறேன். உதடு வெடித்து இரத்தம் வருகிறது. கம்பளிச் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று பொறி பறக்கிறது. ஆய்வுகூடக் கதவுப்பிடியைத் தொடும்போதெல்லாம் கையில் மின்சாரம் அடிக்கிறது, நாய்க்கு அடிபட்ட மாதிரி ஒவ்வொரு நாளும் துள்ளுகிறேன். நோன்பு வருகிறது. முதல் தடவையாகத் தனியாக நோன்பு திறக்கப் போகிறேன்.

கட்டுரையை மாத முடிவில் அனுப்புகிறேன். உங்கள் பெயர் வேண்டாம் என்றால் அதற்குள் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

ஷஸ்னா


கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 16

ஷஸ்னா,

என் பெயரை நீ எடுக்கவில்லை என்று எங்கள் ஆய்வுகூட உதவியாளன் டெரிக் சஞ்சிகையின் மின்னஞ்சலைப் பார்த்துச் சொன்னான். கட்டுரையை அனுப்பிவிட்டாய் என்றும் சொன்னான். சரி. அதைப் பிறகு பார்ப்போம்.

போன சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். உன்னைப் பற்றி முறையிடப் போனதாக நினைக்காதே. ஒவ்வொரு நோன்புக்கும் உன் உம்மாவின் கஞ்சி குடிக்கிறவள் நான்; நீ இல்லை என்பதற்காக அதை விட முடியாது. ஸமீமா உம்மா வாசலிலேயே கேட்டார்:

"ரெண்டு பேரும் கோவமா?"

"அவ சொன்னாவா?"

"அவ ஒண்டும் சொல்ற இல்ல மகள். முந்தி போன் எடுத்தா யூஜினா யூஜினா எண்டு ஒரே கத. இப்ப ஒங்கட பேரே வாற இல்ல. அதுல வெளங்கிச்சு."

நான் கஞ்சியைக் குடித்தேன். இரண்டாவது கோப்பையும் ஊற்றித் தந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கோபமில்லாமல் படி.

எங்கள் ஆய்வுகூடத்தில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வார இறுதியில் ஏசியை நிறுத்திவிடுகிறார்கள். போன ஞாயிறு நான் தனியாக இருந்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு உன் கரைசலுக்கு உப்பு நிறுத்தேன். தராசின் எண் நிற்கவில்லை. கூடிக்கொண்டே போனது. தராசு பழுது என்று நினைத்து இரும்புப் படிக்கல்லை வைத்தேன், எண் அசையாமல் நின்றது. திரும்ப உப்பை வைத்தேன், கூடியது. நான் ஒன்றும் போடவில்லை, ஷஸ்னா. அது தானாகப் பாரமாகிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் அந்தக் கட்டிகளின் விளிம்பு பளபளத்து, நனைந்து, தட்டில் சின்னக் குளமாக நின்றது.

அப்போதுதான் உன் கதவுப்பிடி ஞாபகம் வந்தது. கையில் மின்சாரம் அடிக்கிறதென்றால் அந்தக் காற்று எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும்? இங்கே எந்தக் கதவுப்பிடியும் யாரையும் அடிப்பதில்லை. இங்கே காற்றே பாதி தண்ணீர். நாங்கள் கரைக்கும் பொட்டாசியம் அசற்றேற்று தாகம் பிடித்த உப்பு. நான் நிறுக்கும் நேரத்திலும், கலக்கும் நேரத்திலும், பையை ஒட்டும் நேரத்திலும் அது கொழும்பைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஒட்டிய பிறகும் மலிவான பையின் ஓரத்தால் குடிக்கிறது. அப்படி உள்ளே வந்த தண்ணீருக்கு வேலை இல்லை, பிடித்து வைத்திருக்க ஆளில்லை. மின்சாரம் வந்ததும் அது உடைந்து வாயுவாகிறது.

உன் கையும் சரி, என் கையும் சரி. காற்றுதான் வேறு.

நம்பாவிட்டால் செய்து பார். உன் அறையின் ஈரப்பதன் எவ்வளவு என்று எனக்கு எழுது.

யூஜினா

பி.கு. நின்றவள் நல்லவள் என்று நான் நினைக்கவில்லை. நின்றவளுக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான்.


ட்ரொன்ட்ஹைம்
2025 ஏப்ரல் 4

யூஜினா,

பெருநாள் தனியாகப் போகும் என்று நினைத்தேன். ஒரு சோமாலியக் குடும்பம் கூப்பிட்டது. நல்ல சாப்பாடு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வட்டிலப்பம் இல்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஈரப்பதன் குளிர்காலத்தில் இருபது வீதத்துக்கும் கீழே. அதை எழுதி வைக்கவே யாருக்கும் தோன்றவில்லை. உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மறுநாள், உன் பிழையைக் காட்டுவதற்காகவே செய்து பார்த்தேன். உப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் வைத்துச் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டேன். கண்ணாடி மறைந்து, கொட்டாஞ்சேனை ஓகஸ்ட் மாதம் மாதிரி ஆனதும் அங்கேயே உட்கார்ந்து கரைசலைக் கலந்தேன். சவர்க்காரத் தட்டில் தராசு. யாரும் பார்த்திருந்தால் பொலிஸுக்குச் சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கலங்கள் எல்லாம் ஊதிவிட்டன. நீ முந்தி அனுப்பிய படத்தில் இருந்த மாதிரியே.

நீ சொன்னது சரி. நான் சொன்னது பிழை. இதை ஒரே தரம்தான் எழுதுவேன்.

இப்போது பிரச்சினை இதுதான். கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பெரிய சஞ்சிகை, நாங்கள் படிக்கும் காலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்த சஞ்சிகை. பேராசிரியரிடம் குளியலறைக் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கலங்கள் உலர் அறையில் தயாரிக்கப்பட்டன என்று ஒரு வசனம் சேர்த்துவிடு, போதும்" என்றார். பொய் இல்லை, யூஜினா. எங்கள் அறை உலர்ந்ததுதான். உலர்ந்த அறையில் இது வேலை செய்கிறது என்பதும் உண்மைதான். ஒரு வசனம் போதும் என்று எனக்கும் தோன்றுகிறது. காலையில் தோன்றுகிறது. பின்னேரம் தோன்றுவதில்லை.

நீ என்ன சொல்கிறாய்?

ஷஸ்னா


கொட்டாஞ்சேனை
2025 ஏப்ரல் 28

ஷஸ்னா,

'நீ' திரும்பி வந்ததில் சந்தோஷம்.

உன் கேள்விக்கு என் பதில்: அந்த வசனம் பொய் இல்லை. ஆனால் நாங்கள் இந்த வேலையை ஏன் தொடங்கினோம் என்று கட்டுரையின் முதல் பந்தியில் நீயே எழுதியிருக்கிறாய். மலிவானது, எரியாதது, எந்தச் சின்னப் பட்டறையிலும் செய்யலாம். உலர் அறை கட்டக் கூடியவன் லிதியம் பற்றரியே செய்வானே. உப்புத் தண்ணீரைத் தேடி எங்களிடம் ஏன் வருகிறான்? முதல் பந்தியையும் அந்த வசனத்தையும் ஒன்றாக வைத்துப் படித்துப் பார். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கமாட்டா.

ஆனால் முடிவு உன்னுடையது. புலமைப்பரிசில் உன்னுடையது, குளிரும் உன்னுடையது. நீ எதைச் செய்தாலும் அடுத்த நோன்புக்கு நான் உன் வீட்டில் கஞ்சி குடிப்பேன்.

நான் இங்கே வேறு பக்கமாகப் போகிறேன். உப்புக்குத் தாகம் என்றால் அதைத் தடுப்பானேன்? குடிக்கவிட்டேன். கரைசலை அகன்ற தட்டில் ஊற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். வீதிப் புழுதி விழாமல் மேலே துணி. தினமும் நிறுத்தேன். சில நாளில் பாரம் கூடுவது நின்றது. அதற்கு மேல் கொழும்புக் காற்று கொடுத்தாலும் அது எடுக்காது. வயிறு நிறைந்துவிட்டது. அந்தக் கரைசலை எடுத்து அதிலிருந்து தொடங்கினேன்.

நீ கேட்பாய், தண்ணீர் அவ்வளவும் உள்ளே இருக்கிறதே, உடையாதா என்று. உடையும். அதற்குத்தான் கிளிசரின் சேர்த்தேன். அது தண்ணீரைக் கையைப் பிடித்து வைத்திருக்கிறது, அதுவும் காற்றிலிருந்து தன் பங்கைக் குடித்துவிட்டு நிறைந்து நிற்கிறது. மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டேன். உன்னுடைய கலத்தைவிடப் பாரம் கூட, சேமிப்புக் குறைவு. பந்தயக் குதிரை இல்லை, மாட்டுவண்டி. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யலாம்.

கலங்கள் ஊதவில்லை. ஒன்றுகூட ஊதவில்லை. நான் தாண்டவம் ஆடியிருப்பேன், ஆனால் அவை வேறு நோயில் செத்தன. துத்தநாகத் தகட்டில் முள் முளைக்கிறது. மெல்லிய ஊசிகள், எதிர்த்தகடு வரை வளர்ந்து தொட்டதும் கலம் முடிந்தது. டெரிக் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "மிஸ், இது பற்றரி இல்ல, கள்ளிச்செடி" என்றான்.

முள் பற்றி எங்கள் இரண்டு பேரில் அதிகம் தெரிந்தவள் நீ. யோசித்துப் பார்.

ரொஷான் அண்ணாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பற்றரி எண்டு சொல்லாத, எனக்குக் கை எரியுது" என்று எழுந்து போய்விட்டார்.

யூஜினா


ட்ரொன்ட்ஹைம்
2025 ஜூன் 8

யூஜினா,

இங்கே இப்போது இரவிலும் இருட்டுவதே இல்லை. திரைச்சீலைக்கு மேல் கம்பளம் தொங்கவிட்டு நித்திரை கொள்கிறேன்.

கட்டுரையைச் சஞ்சிகையிலிருந்து திரும்ப எடுத்துவிட்டேன். ஏப்ரலிலேயே எடுத்தேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ சந்தோஷப்படுவாய், எனக்கு அப்போது யாரும் சந்தோஷப்படுவதைப் பார்க்கும் மனம் இருக்கவில்லை. பேராசிரியர் "நீ நேர்மையான பிள்ளை" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் அது பாராட்டு இல்லை.

போன கிழமை வேறொரு நாட்டில் ஒரு குழு எங்களுடையதைப் போலவே ஒரு கரைசலை அதே சஞ்சிகையில் வெளியிட்டுவிட்டது. உலர் அறையில் செய்தது. முந்தியவர்கள் அவர்கள். அந்த இடம் இனி எங்களுக்கு இல்லை. ஒரு முழு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மறுநாள் அவர்களுடைய கட்டுரையைத் திரும்பப் படித்தேன். ஈரப்பதன் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இப்போது நீயும் நானும்தான் என்று நினைத்ததும் பசி வந்தது. போய்ச் சோறு வடித்தேன்.

உன் கலங்களை இங்கேயும் செய்தேன். உலர்ந்த காற்றில் உன் கரைசல் காய்ந்து கட்டியாகிறது. என்னுடையது உன் ஊரில் குடிக்கிறது, உன்னுடையது என் ஊரில் தாகத்தால் சாகிறது. ஆகவே ஒரு பெட்டிக்குள் கொழும்புக் காற்றைச் செய்து வைத்திருக்கிறேன். குளியலறை இப்போது குளிக்க மட்டும்.

முள்ளுக்கு என் யோசனை: நீ அவசரப்படுகிறாய். உன் கரைசல் தடிப்பானது, துத்தநாகம் அதற்குள் மெதுவாகத்தான் நகரும். வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் முன்னால் கிடைத்த மேட்டில் போய் ஒட்டி ஊசியாகும். வேகத்தைக் கால்வாசியாக்கு. நாள் முழுக்க ஏறட்டும். நான் அப்படிச் செய்தேன், தகடு பூசின மாதிரி வழுவழுப்பாக வருகிறது. ஓட்டோவுக்கு இது உதவாது. ஆனால் நாள் முழுவதும் சும்மா இருந்து, மின்சாரம் போன நேரம் மட்டும் வேலை செய்கிற ஒன்றுக்கு இது போதும். அப்படி ஒன்று உன் கைவசம் இருக்கிறதா?

ஷஸ்னா


கொட்டாஞ்சேனை
2025 ஜூலை 20

ஷஸ்னா,

இருக்கிறது. எங்கள் படிக்கட்டு.

தீக்குப் பிறகு எங்கள் தொடர்மாடியில் எந்தப் பற்றரியும் வைக்கக்கூடாது என்று குடியிருப்பாளர் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. மின்சாரம் போனால் படிக்கட்டு கிணறு மாதிரி. ஆட்கள் போனைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். உன் யோசனைப்படி மெதுவாக ஏற்றிய கலங்கள் ஒரு மாதம் முள்ளில்லாமல் ஓடியதும், அவசர விளக்குக்கு ஒரு பெட்டி வைக்க அனுமதி கேட்டேன். கூட்டம் போன ஞாயிறு நடந்தது.

அதற்கு முன்னால் ஒன்று செய்தேன். ரொஷான் அண்ணாவை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போனேன். ஓட்டோவில் என்னை இறக்கிவிட்டு அப்படியே போகப் பார்த்தார். "பத்து நிமிஷம் வாங்க, ஒண்டும் தொட வேணாம்" என்றேன். வந்தார், ஆனால் கதவைத் தாண்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார், வலது கை அடியில்.

முழுக்கச் சார்ஜ் ஏறிய கலத்தைப் பலகையில் வைத்து, நடுவில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். லிதியமாக இருந்தால் அந்த அறையில் யாரும் நின்றிருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்தது. ஆணி மறுபக்கத்தால் வந்தது. கலம் கொஞ்சம் சூடானது, ஆணி ஓரத்தால் தண்ணீர் கசிந்து பலகையில் சொட்டியது. வேறொன்றும் நடக்கவில்லை. இன்னொரு கலத்திலும் ஆணி அடித்தேன். டெரிக் காஸ் அடுப்பைக் கொண்டுவந்து முதல் கலத்துக்குச் சுவாலையைக் காட்டினான். பை கருகி நாறியது, உள்ளே இருந்தது பொங்கி அடுப்பையே அணைத்தது.

அண்ணா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பிறகு உள்ளே வந்தார். ஆணியோடு இருந்த அடுத்த கலத்தை எரிந்த கையால் எடுத்தார். விரல் மடியாததால் உள்ளங்கையில்தான் ஏந்தினார்.

"இளஞ்சூடு," என்றார்.

"ஓம்."

"தேத்தண்ணிக் கோப்ப மாதிரி." அவ்வளவுதான். கீழே வைத்துவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

கூட்டத்தில் நான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். றோஸி அன்டி கடைசியாக எழும்பினார். சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளை, நீ கெட்டிக்காரி. நீ சின்னனில இருந்து எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்கும் ஒருத்தன் வந்து அந்தப் பற்றரி நல்லதெண்டுதான் சொல்லி வித்தான். என்ட மனுசன ஜன்னலால இறக்கினத நான் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒன்ட தண்ணி எரியாதெண்டா நல்லம். வேற எங்கயாவது கொண்டுபோய் வச்சுக் காட்டு. என்ட வாசல்ல வேணாம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து ரொஷான் அண்ணா எழும்பினார். தீக்குப் பிறகு சங்கக் கூட்டத்துக்கு அவர் வருவார், கடைசி வரிசையில் இருப்பார், ஒரு சொல் கதைத்ததில்லை.

"அன்டி, உங்கட வாசல்ல வேணாம். என்ட வாசல்ல வைக்கிறன். என்ட கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர்ல. எரிஞ்சா முதல்ல நான் எரியிறன்."

"விசர்க் கத கதைக்காத ரொஷான்."

"விசர் இல்ல அன்டி. ஆணி அடிச்சதப் பாத்தனான். கையில பிடிச்சும் பாத்தன். இந்தக் கையால."

மூன்று மாதத்துக்கு, எங்கள் மாடியில் மட்டும் என்று அனுமதி தந்தார்கள். றோஸி அன்டி கை உயர்த்தவில்லை. எதிராகவும் உயர்த்தவில்லை.

நாளைக்குப் பெட்டியைச் சுவரில் பூட்டுகிறோம். எனக்குப் பயமில்லை. கொஞ்சம் கூடப் பயமில்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

யூஜினா


ட்ரொன்ட்ஹைம்
2025 செப்டெம்பர் 14

யூஜினா,

உன் கடிதத்தின் ஆணிப் பகுதியைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பி வைத்து உட்கார்ந்து, "இதை ஏன் முதலில் எனக்குச் சொல்லவில்லை" என்றார். ஏப்ரலில் சொன்னதும் இதே விஷயம்தான். அப்போது குளியலறை இருந்தது, ஆணி இருக்கவில்லை.

புதிய கட்டுரையை அனுப்பிவிட்டோம். சின்னச் சஞ்சிகை. உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. சண்டை பிடிக்காதே, கரைசல் உன்னுடையது. இரண்டு ஊர்க் காற்றும் அதில் இருக்கிறது, ஈரப்பதன் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இருக்கிறது. ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார், தங்கள் ஆய்வுகூடத்தில் கோடையில் மட்டும் கலங்கள் ஏன் ஊதுகின்றன என்று மூன்று வருடமாக விளங்காமல் இருந்ததாம். அதைப் படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன்.

புலமைப்பரிசில் நீடிப்புக் கிடைக்கவில்லை. பெரிய சஞ்சிகை இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அதைச் சொல்லாமல் விடமாட்டேன், ஆனால் அதை உன் தலையில் போடவும் மாட்டேன். ஏப்ரலில் கட்டுரையைத் திரும்பப் பெறக் கையொப்பமிட்டவள் நான்தான். பட்டத்துக்கு எழுத வேண்டியதை எங்கிருந்தும் எழுதலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எழுதும் காலத்தில் அளக்கவும் வேண்டும், அளப்பதற்குப் பெட்டிக்குள் கொழும்பைச் செய்துகொண்டிருக்கிறேன். அசல் கொழும்பு இருக்கும்போது இது என்ன வேலை?

டிசெம்பர் முதல் கிழமை வருகிறேன், இன்ஷா அல்லாஹ். திரும்பிப் போவேனா என்று கேட்காதே, போவேன். தோற்று வரவில்லை. அளக்க வருகிறேன்.

உம்மாவிடம் நீ சொல்லாதே. நான் சொல்கிறேன்.

ஷஸ்னா


கொட்டாஞ்சேனை
2025 ஒக்டோபர் 22

ஷஸ்னா,

உம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் உன் அறைக்குப் புது ஜன்னல் சீலை தைத்துக்கொண்டிருக்கிறார், என்னிடம் நிறம் கேட்டார். நீலம் என்றேன். பிழை என்றால் வந்து மாற்று.

முதல் பெயர் பற்றிச் சண்டை பிடிக்கத்தான் உட்கார்ந்தேன். நீ வந்த பிறகு நேரில் பிடிக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஜன்னல் பக்கத்து மேசையை உனக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அங்கேதான் கொழும்பு கூடுதலாக வரும்.

பெட்டி நன்றாக இருக்கிறது. இடைப்பருவ மழை தொடங்கியதும் சேமிப்பு கொஞ்சம் இறங்கியது, இறங்கிய இடத்தில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அது உனக்கு முதல் வேலை. ஒரு கலமும் ஊதவில்லை. ரொஷான் அண்ணா காலையில் ஓட்டோவை எடுக்க முன்னர் பெட்டி மூடியைத் திறந்து புறங்கையை வைத்துப் பார்க்கிறார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஓட்டோவுக்கு எப்போது செய்வாய் என்று கேட்டார். "இப்ப ஏலாது, பாரம் கூட, ஓடாது" என்றேன். "அப்ப ஓடுறதச் செய்" என்றார். பற்றரி என்ற சொல்லுக்கு எழுந்து போனவர்.

சங்கம் தந்த மூன்று மாதம் நேற்றுடன் முடிந்தது. நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. இடி விழுந்து மின்சாரம் போனது. கடல் பக்கத்து லயிட் எல்லாம் அணைந்தது, துறைமுகத்து உயரமான கிரேன்கள் மட்டும் வெளிச்சமாக நின்றன. நானும் அண்ணாவும் வாசலுக்கு வந்தோம். எங்கள் மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய வெளிச்சம் இல்லை. படி தெரியும், முகம் தெரியும், அவ்வளவுதான்.

கீழ்மாடியில் ஆட்கள் போன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. றோஸி அன்டி சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கீழே இருட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, யாரையோ ஏசிக்கொண்டு வந்தார். எங்கள் மாடி வளைவுக்கு வந்ததும் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். கைப்பிடியை விட்டார். மிச்சப் படிகளை வழக்கமான நடையில் ஏறினார். பையைக் கீழே வைத்துக் கதவுத் திறப்பைத் தேடினார், கிடைக்காமல் பையில் இருந்த கீரைக்கட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தேடினார். குடையிலிருந்து தண்ணீர் ஒழுகி எங்கள் கதவு வரை வந்தது. "மழ விடுற மாதிரி இல்ல" என்று எங்களிடம் சொன்னார். கதவைத் திறந்து, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு தரம்கூட அவர் விளக்கை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்டி கவனிக்கவே இல்ல," என்றார் அண்ணா.

"ஓம்," என்றேன். அவர் கவனிக்காமலே படி ஏறியதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது.

யூஜினா